ம்பாரேயின் பெஞ்சும் மாநகராட்சியின் கடமையும்

2005 மே மாதம் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் புல்டோசர்கள் இறங்கின. 'முரம்பட்ஸ்வினா' என்று ஷோனா மொழியில் அந்த நடவடிக்கைக்குப் பெயர். அழுக்கைத் துரத்துதல் என்று பொருள். அனுமதியின்றிக் கட்டிய வீடுகள், கொல்லைப்புறத்தில் ஒண்டியிருந்த குடில்கள், நடைபாதைக் கடைகள் எல்லாம் சில வாரங்களில் தரைமட்டமாயின. ஐ.நா.வின் சிறப்புத் தூதராக வந்த அன்னா திபைஜுகா அதே ஆண்டு ஜூலையில் அளித்த அறிக்கை, நாடெங்கும் சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்ததாக மதிப்பிட்டது. பின்னால் இருந்து இயக்கியது தேசிய அரசு. ஆனால் ஹராரேயில் அதை அறிவித்தது நகர நிர்வாகம். மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தார். அரசு நியமித்த ஆணையம் ஒன்று நகரத்தை நடத்திவந்தது. 'அழுக்கு' என்று எதைக் குறித்தார்களோ, அதில் குடியிருந்தவர்களின் மனம் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த ஆணையில் எங்கும் இல்லை. நகர நிர்வாகங்களின் கோப்புகளில் அந்தக் கேள்வி பெரும்பாலும் இருப்பதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய முயற்சியும் அதே நகரத்தில்தான் பிறந்தது. ஒரு கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு ஏன் அழைத்து வரவில்லை என்று தாயிடம் கேட்டபோது, பேருந்துக் கட்டணத்துக்குப் பணமில்லை என்று பதில் வந்தது. நோயாளி மருத்துவமனையைத் தேடி வரவேண்டும் என்ற ஏற்பாட்டின் அடித்தளத்தையே அந்தப் பதில் அசைத்துவிட்டதாக சிபாண்டா பின்னாளில் பொதுமேடைகளில் சொல்லியிருக்கிறார். இடிப்புக்குப் பின், நகரின் பழைய நெரிசல் குடியிருப்பான ம்பாரேயில் ஏதாவது செய்யும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். பணம் இல்லை, கூடுதல் செவிலியர் இல்லை, மருத்துவ நிலையத்தில் ஓர் அறைகூட ஒழிவாக இல்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். கிடைத்த இடம் நிலையத்துக்கு வெளியே, மரத்தடி. அங்கே ஒரு மரப்பெஞ்சைப் போட்டார்கள். 2006இல் தொடங்கிய அந்த 'நட்பு பெஞ்ச்' இன்று உலகின் பல நகரங்களுக்குப் போயிருக்கிறது. அதைச் சொல்பவர்கள் பாட்டிமாரின் கருணையைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பாட்டிமார் யாருடைய ஊழியர்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அவர்கள் ஹராரே நகர சுகாதாரத் துறையின் ஊழியர்கள். காசநோய், தடுப்பூசி, சுகாதாரப் பழக்கங்கள் என்று தெருத்தெருவாக, வீடுவீடாகச் சென்றுவந்தவர்கள். 'சுகாதாரப் பாட்டிமார்' என்று அந்தப் பகுதியே அவர்களை அறியும். மருத்துவ நிலையம் நகர நிர்வாகத்துடையது, பெஞ்ச் போட்ட நிலமும் அதனுடையது. ஆக, ஒரே நிர்வாகத்தின் ஒரு கை வீட்டை இடித்தது. அடுத்த ஆண்டு இன்னொரு கை, வீடு போனவர் உட்கார்ந்து பேச பெஞ்ச் போட்டது. நகரவாசியின் மனநலத்தில் உள்ளாட்சிக்கு உள்ள பங்கை இந்த முரண்பாட்டைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது. மனநோய்க்கு மருந்து கொடுக்கும் வல்லமை மாநகராட்சிக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் மனம் உடைவதற்கான காரணங்களில் பல அதன் கையில் இருக்கின்றன. உடையுமுன் ஒருவரைச் சந்திக்கக்கூடிய இடங்களும் ஆட்களும் அதன் கையிலேயே இருக்கிறார்கள். ஆகவே தடுப்பு மனநலப் பணி என்பது மாநகராட்சி விரும்பினால் செய்யும் தர்மம் ஆகாது. குடிநீரும் குப்பையும் போல அதன் அன்றாடப் பொறுப்புகளில் ஒன்று. இதுவே இந்தக் கட்டுரை நிறுவ முயலும் வாதம்.

பெஞ்சில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்கலாம். ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசித்தல் என்பது அதன் நேர்ப்பொருள். நம் ஊரில் 'ஒரே யோசனையா இருக்கு', 'மனசைப் போட்டு உழப்பிக்கிட்டு இருக்கேன்' என்று சொல்வதற்கு அது மிக நெருக்கம். மருத்துவ நிலையத்துக்குத் தலைவலி என்றோ தூக்கமில்லை என்றோ வருபவரிடம் 14 எளிய கேள்விகள் கேட்கப்படுகின்றன. 1990களில் ஹராரே மக்களின் பேச்சுவழக்கிலிருந்தே உருவாக்கப்பட்ட கேள்விகள் அவை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் 'ஆம்' என்று சொல்பவர் பெஞ்சுக்கு வருகிறார். பாட்டி அவருடைய பிரச்சினைகளைக் கேட்டு ஒவ்வொன்றாகப் பட்டியலிடச் செய்கிறார். அதில் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். அதற்கு அடுத்த வாரத்துக்குள் எடுத்துவைக்கக்கூடிய ஓர் அடியை இருவரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். முதல் கட்டத்துக்கு 'மனதைத் திறத்தல்' என்றும், அடுத்தவற்றுக்கு 'தூக்கிவிடுதல்', 'உறுதிப்படுத்துதல்' என்றும் பெயர். ஆறு சந்திப்புகள் வரை இது நடக்கும். பிறகு விரும்பியவர்கள் ஒரு குழுவில் சேர்ந்து, பழைய பிளாஸ்டிக்கில் பைகள் பின்னி விற்கிறார்கள். மேலைநாட்டு உளவியலில் 'பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை' என்று அறியப்படும் முறைதான் இது. ஊர்ப்பேச்சில், ஊர்க்காரரின் வாய்வழியாக வந்தபோது நோயாளி என்ற முத்திரை இல்லாமலே வேலை செய்தது.

பரிவு மிகுந்த ஏற்பாடு என்பதற்காக அது பலன் தரும் என்று கொள்ள முடியாது, சோதித்துப் பார்க்கவேண்டும். சிபாண்டாவும் சகாக்களும் சோதித்தார்கள். ஹராரேயின் 24 நகர மருத்துவ நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 573 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வின் முடிவுகள் 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. ஆறு மாதம் கழித்து அதே 14 கேள்விகளைக் கேட்டபோது, பெஞ்சுக்கு வந்தவர்களின் சராசரி மதிப்பெண் 3.81, வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களுக்கு 8.90. மனச்சோர்வின் அறிகுறிகள் முதல் குழுவில் 13.7 சதவீதம் பேரிடமும் இரண்டாவது குழுவில் 49.9 சதவீதம் பேரிடமும் இருந்தன. கூடவே இந்த ஆய்வின் எல்லைகளையும் சொல்லியாகவேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் என்ன ஆனது என்பதை இந்த எண்கள் காட்டா. பங்கேற்றவர்களில் 86 சதவீதத்துக்கு மேல் பெண்கள். ஆண்கள் பெஞ்சுக்கு வரத் தயங்குகிறார்கள். தற்கொலை எண்ணம் உடையவர்களும் தீவிர மனநோய் உள்ளவர்களும் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த எல்லைகளோடும் அது வலுவான சான்று. தடுமாற்றத்தின் தொடக்கத்தில் இருக்கும் ஒருவரை, அவர் வசிக்கும் பகுதியிலேயே, மருத்துவர் அல்லாத நகர ஊழியர் ஒருவர் மீட்க முடியும் என்பதை அது காட்டுகிறது.

இது ஒரு சிகிச்சை முறையின் வெற்றி, இதில் மாநகராட்சிக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். தொண்டு நிறுவனங்களும் இதே முறையைப் பயன்படுத்த முடியும்தான். ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் ஹராரேயில் இதைப் புதிதாகத் தொடங்கியிருந்தால் முதலில் இடம் தேடியிருக்கும்; பிறகு ஆள் சேர்த்து, அவர்கள் மீது மக்களுக்கு நம்பிக்கை வரும்வரை சில ஆண்டுகள் காத்திருந்திருக்கும். நிதி மூன்றாண்டில் முடிந்தால் பெஞ்சும் போயிருக்கும். நகர நிர்வாகத்திடமோ நிலையங்கள் இருந்தன, சம்பளப்பட்டியலில் ஆட்கள் இருந்தார்கள், பல ஆண்டுகள் தெருவில் நடந்து சம்பாதித்த முகப்பழக்கம் இருந்தது. மருத்துவ அறிவு வெளியிலிருந்து வந்தது. அது போய்ச் சேருவதற்கான பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. தடுப்புப் பணியில் பாதைதான் பெரும்பகுதி வேலை. காய்ச்சலுக்கு மருந்து தேடி மனிதர் தானே வருவார். மனம் சோர்ந்தவர் வரமாட்டார். அவர் வேறு எதற்கோ வரும் இடத்தில் நாம் இருக்கவேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி, கர்ப்பப் பரிசோதனை, குடிநீர்ப் புகார், சொத்து வரி, பிறப்புச் சான்றிதழ் என்று எல்லோரும் எப்போதாவது வந்துபோகும் இடங்களை வைத்திருப்பது உள்ளாட்சி மட்டுமே.

பெஞ்சுக்கு வருபவர் ஏற்கெனவே துன்பத்தில் இருப்பவர்தானே, அதை எப்படித் தடுப்பு என்பது என்ற ஐயமும் நியாயமானது. பெஞ்ச், துன்பம் நோயாக முற்றாமல் தடுக்கிறது. துன்பம் தோன்றுவதையே குறைக்க முடியுமா என்பதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்திலிருந்து ஒரு சான்று உண்டு. ஆலைகள் மூடப்பட்டு மக்கள் வெளியேறிய பகுதிகளில் ஆயிரக்கணக்கான காலிமனைகள் குப்பைமேடுகளாகக் கிடந்தன. சார்லஸ் பிரானஸ் தலைமையில் ஆய்வாளர்கள் 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் குப்பையை அகற்றி, புல் வளர்த்து, சில மரங்கள் நட்டு, தாழ்ந்த மரவேலி போட்டார்கள். இரண்டாவதில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018இல் வெளிவந்த முடிவுகளின்படி, பசுமையான மனைகளின் அருகில் வசித்தவர்களிடையே, தாம் சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்களின் விகிதம் ஒன்றும் செய்யாத பகுதிகளோடு ஒப்பிட 41.5 சதவீதம் குறைந்தது. வறுமை மிகுந்த பகுதிகளில் குறைவு இன்னும் அதிகம். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இவை மக்கள் தாமே சொன்ன உணர்வுகள். மருத்துவர் கண்டறிந்த நோய்க்கணக்கு அல்ல. ஆனாலும் இந்த ஆய்வு சொல்வது கவனிக்கத்தக்கது. பூங்காத் துறையும் திடக்கழிவுத் துறையும் செய்யும் வேலைக்கு மனநலத்தில் விளைவு உண்டு. அந்த வேலை எவ்வளவு அக்கறையோடு செய்யப்படுகிறது என்பதற்கும் விளைவு உண்டு.

இங்கே கடுமையான மறுப்பு ஒன்று எழுகிறது. வேலை இல்லாதவருக்கும் வீடு இடிந்தவருக்கும் பெஞ்ச் போட்டு ஆறுதல் சொல்வது, அநீதியை நோயாக மாற்றிக் காட்டும் தந்திரம் ஆகாதா? ஏழைக்கு வேண்டியது வாடகைப் பணம்; அவருக்குப் பேச ஒரு பாட்டியைக் கொடுத்து அனுப்பினால் நிர்வாகம் தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடும். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஹராரேயின் பின்வரலாறே அதற்குச் சாட்சி. பெஞ்ச் தொடங்கி இரண்டு ஆண்டுகளில், 2008இல், அந்த நகரின் குடிநீரும் கழிவுநீரும் கலந்து காலரா வெடித்தது. அடுத்த ஆண்டுக்குள் நாடெங்கும் 4,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குழாயில் வரும் சாக்கடையை எந்தப் பெஞ்சும் சுத்தம் செய்யாது. ஆனால் இந்த மறுப்பு, மனநலப் பணியை வேறெந்த அமைப்பிடமும் விடாமல் உள்ளாட்சியிடம் ஒப்படைப்பதற்கான காரணமாகவே முடிகிறது. மருத்துவமனையில் நோயாளி 'தண்ணீர் வரவில்லை, வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள்' என்றால் மருத்துவரால் மருந்துச்சீட்டு மட்டுமே எழுத முடியும். மாநகராட்சியின் பெஞ்சில் அதே வார்த்தையைச் சொன்னால், அதைக் கேட்பது தண்ணீருக்குப் பொறுப்பான அமைப்பின் ஊழியர். பெயர்களை நீக்கி, பெஞ்சில் பட்டியலிடப்படும் பிரச்சினைகளைத் தொகுத்தால், எந்த வார்டில் எது மக்களை வாட்டுகிறது என்ற வரைபடம் கிடைத்துவிடும். அந்த வரைபடம் பொறியியல் துறையின் மேசைக்குப் போகவேண்டும். போகாவிட்டால்தான் பெஞ்ச் ஏமாற்று ஆகும்.

மற்றொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. 2015 நவம்பரில் நியூயார்க் நகரம் 'திரைவ் என்ஒய்சி' என்ற பெரும் மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போதைய மேயர் பில் டி பிளாசியோவின் மனைவி சர்லேன் மெக்ரே அதற்குத் தலைமை தாங்கினார். 54 முன்னெடுப்புகள், நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 85 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். 2,50,000 பேருக்கு மனநல முதலுதவிப் பயிற்சி தருவது இலக்குகளில் ஒன்று. ஹராரேயிடம் கற்றுக்கொண்ட பெஞ்சுகளும் அந்த நகரில் போடப்பட்டன. சில ஆண்டுகளில் நகரமன்ற உறுப்பினர்களும் நகரத் தணிக்கை அதிகாரியும் கணக்குக் கேட்டார்கள். எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்பதற்கு எண் இருந்தது. யார் நலமடைந்தார்கள் என்பதற்குத் தெளிவான விடை இல்லை. தெருவிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் அல்லாடிய தீவிர மனநோயாளிகளைத் திட்டம் போதிய அளவு கவனிக்கவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. எல்லோருக்கும் கொஞ்சம் மனநலம் என்று பரப்பியதில், மிக நலிந்தவர்களுக்குப் போகவேண்டியது குறைந்துவிட்டது என்பதே அந்த விமர்சனத்தின் சாரம்.

இதிலிருந்து 'நகரங்கள் இதில் கைவைக்கக் கூடாது' என்ற முடிவுக்கு வருவது அவசரம். ஹராரேயையும் நியூயார்க்கையும் அருகருகே வைத்தால் வேறொன்று தெரிகிறது. ஏழை நகரம் ஒரே வேலையை எடுத்துக்கொண்டு, வழக்கமான நிலையங்களில், வழக்கமான ஊழியர்களை வைத்துச் செய்து, பத்தாண்டுக்குள் கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டு அளந்தது. பணக்கார நகரம் ஒரே நேரத்தில் 54 வேலைகளைத் தொடங்கி, அளவுகோலைப் பிறகு தேடியது. முன்னது நிர்வாகத்தின் உடம்புக்குள் வளர்ந்தது. பின்னது ஒரு மேயரின் முத்திரைத் திட்டமாக நின்றதால், ஆட்சி மாறும் வேளையில் அதன் ஆயுளே கேள்விக்குள்ளானது. 2021இல் அது மேயர் அலுவலகத்தின் நிரந்தரப் பிரிவாக வேறு பெயரில் மாற்றப்பட்டது அந்தக் குறையை உணர்ந்ததால்தான் என்று கொள்ளலாம். தீவிர நோயாளிகளைப் பற்றிய விமர்சனத்துக்கும் ஹராரேயின் ஏற்பாட்டிலேயே பதில் இருக்கிறது. பெஞ்ச், சிகிச்சைக்கு மாற்று இல்லை, முதல் சல்லடை. அதன் பின்னால் செவிலியரும் மருத்துவரும் படுக்கையும் இருந்தால்தான் பாட்டி ஒருவரை மேலே அனுப்ப முடியும். அனுப்ப இடமில்லாத நகரத்தில் சல்லடை வைப்பது பயனற்றது. மருத்துவம் படிக்காத ஊழியர் தவறு செய்தால் என்ன ஆகும், பக்கத்துத் தெருக்காரரிடம் ரகசியத்தைச் சொல்லலாமா என்ற அச்சங்களுக்கும் விடை, பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் ரகசியம் காப்பதைப் பணிவிதியாக்குவதும்தான். வார்டு அரசியலின் கை அந்தக் குறிப்பேட்டில் படக்கூடாது என்பது இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை.

இந்தச் சான்றுகளை வைத்து நம் சட்டங்களைப் பார்த்தால் ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், பெருநகரங்களில் அது கூடுதல் என்றும், பெரும்பாலானோருக்குச் சிகிச்சை சென்று சேரவில்லை என்றும் கண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயைத் தடுப்பதற்கான திட்டங்களை வகுப்பதை அரசின் கடமை என்கிறது. அந்தக் கடமை மத்திய, மாநில அரசுகளின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. களப்பணிக்கான திட்டமோ மாவட்ட மனநலத் திட்டம். பெயரிலேயே அதன் அலகு மாவட்டம். இன்னொரு பக்கம், 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உரியவையாக 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு, பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் எல்லாம் அதில் உண்டு. மனநலம் என்ற சொல் இல்லை. ஆனால் மனநலத்தைத் தீர்மானிக்கும் காரணங்களில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடமை ஒரு சட்டத்திலும் கருவிகள் இன்னொரு சட்டத்திலும் கிடக்கின்றன.

சென்னையில் இந்த இடைவெளிக்கு முகவரியே உண்டு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகரிலும், பின்னர் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. நகர மையத்திலிருந்து பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கும் மேல். அந்த அடுக்குமாடிகள் எழுந்தபோது அந்த இடம் மாநகராட்சி எல்லைக்கே வெளியே இருந்தது. வீட்டு வேலை, சந்தை வேலை, பள்ளிக்கூடம், பழகிய அக்கம்பக்கம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டு வருபவர்களுக்கு வீட்டுச் சாவி கொடுக்கப்படுகிறது. இடிப்பு ஆணைக்கு முன் நீரியல் கருத்து கேட்கிறோம், சுற்றுச்சூழல் கருத்து கேட்கிறோம். இடம்பெயரும் மனிதர்களின் மனம் எப்படித் தாங்கும் என்ற கருத்துக்கு அந்தக் கோப்பில் இடமில்லை. இத்தனைக்கும் இந்த நகரம் மனநலப் பணிக்குப் புதியதில்லை. கீழ்ப்பாக்கத்தில் இன்று இருக்கும் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794ஆம் ஆண்டுக்குப் போகிறது. 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப், 1986இல் தற்கொலைத் தடுப்புக்காகத் தொடங்கிய சிநேகா என்று முன்னோடி அமைப்புகள் இங்கே உண்டு. வல்லுநர் அறிவு இருக்கிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீடு தேடிச் செல்லும் பெண் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ஹராரேயிடம் 2006இல் இருந்ததைவிட அதிகமாகவே நம்மிடம் இருக்கிறது.

செய்யவேண்டியவை சிலவே. ஓரிரு மண்டலங்களில், சுகாதார நிலையத்தின் வாசலில் பேச ஓர் இடம். ஏற்கெனவே பணியில் இருக்கும் பெண்களில் சிலருக்குப் பயிற்சியும், அந்த வேலைக்கென்று தனி ஊதியமும். மேலே அனுப்புவதற்கு உறுதியான மருத்துவ இணைப்பு. ஆண்கள் வருவதற்கு ஏற்ற நேரமும் இடமும். இந்த ஏற்பாடுகள் இல்லாத மண்டலங்களோடு முதல் நாளிலிருந்தே ஒப்பிட்டு அளக்கும் முறை. ஊதியம் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும்: பெண்களின் பரிவை இலவசமாக எடுத்துக்கொள்ளும் திட்டம், கேட்பவரின் மனத்தை உடைத்து இன்னொருவரின் மனத்தை ஒட்டவைப்பதாகிவிடும். இவற்றோடு, எந்தக் குடியிருப்பை அகற்றும் ஆணையும் மனநலத் தாக்கத்தின் மதிப்பீடு இல்லாமல் மாமன்றத்தின் முன் வரக்கூடாது என்று ஒரு தீர்மானம். இவற்றுள் கடைசியானதற்குச் செலவே இல்லை. அதுதான் மிகக் கடினம் என்பதும் தெரிந்ததே. ஆனால் அது இல்லாமல் மற்றவற்றைச் செய்யும் மாநகராட்சி, ஹராரே 2005இலும் 2006இலும் செய்ததைத்தான் திரும்பச் செய்யும்: முதலில் இடிக்கும், பிறகு பெஞ்ச் போடும்.